கதவில்லாத மலை

பொன்மலையில் ரயில்வே காலனிக்குப் பின்தெருவில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் ரெஜினா மேரி, வயது முப்பத்தாறு, தொழில் பல்செட் கட்டுவது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பகலெல்லாம் பொய்ப்பல் செய்வார். மிச்சமிருக்கும் நேரத்தில், மிச்சமிருக்கும் பிளாஸ்டரில், மாடி அறையில் மலை கட்டுவார். மலையைக் குடைந்துகொண்டு விரல் அகலத் தண்டவாளம் போகும். அதன்மேல் சாண் நீள ரயில் ஒன்று ஓடும்.

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. பெயர் தாண்டவமூர்த்தி. குரு பிறப்பதற்கு முன்பே ரயில்வேயில் சேர்ந்து, பாதை இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தை நடந்து நடந்தே பார்த்தவர். ஒரு போல்ட் லூஸ் என்றால் கேங்மேனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு திட்ட ஆளில்லாமல் வீட்டு மிக்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பல் கட்டப் போன இடத்தில் மாடியில் ரயில் சத்தம் கேட்டது. அப்படித்தான் சீடரானார்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "டீச்சரம்மா, தண்டவாளம் பத்தி எனக்குச் சொல்லித்தர வேணாம். அதுலயே பொறந்து வளந்தவன். மலை கட்ட மட்டும் சொல்லிக் குடுங்க."

"சரி சார். கண்ணை மூடிக்கிட்டு இந்தத் தண்டவாளத்து மேல நகத்தை வச்சு இழுங்க."

இழுத்தார். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நகம் லேசாகத் தடுக்கியது.

"தடுக்குதா?"

"கொஞ்சூண்டு."

"நகம் தடுக்குனா சக்கரமும் தடுக்கும்" என்றார் ரெஜினா. அரத்தை எடுத்து நான்கு இழுப்பு இழுத்தார். "இப்பப் பாருங்க."

வழவழவென்று இருந்தது. சீடர் மனதுக்குள், இதெல்லாம் எனக்கா என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் கரண்ட் பெட்டியைக் காட்டினார் குரு. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், பக்கத்தில் மிளகு அளவில் ஒரு விளக்கு. ரயில் ஓடும்வரை பச்சை எரியும். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கினால் ஷார்ட் ஆகிச் சிவப்பு எரியும். இன்ஜின் மோட்டாரே எரிந்துபோய் ரயில் நின்றுவிட்டாலும் விளக்கு பச்சையாகத்தான் இருக்கும்.

"சிவப்பு எரிஞ்சா தப்பு பாதையில இருக்கு சார். இன்ஜினைத் திட்டாதீங்க."

"எனக்கா சொல்றீங்க? சிவப்பு விளக்கைப் பாத்தே சோறு தின்னவன் நான்."

குரு சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அவருடைய மேஜையில் நான்கு மலைகள் இருந்தன. ஒருநாள் சீடர் பின்பக்கமாகச் சுற்றிப்போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மலையின் முதுகிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கதவு. ஒன்றுக்கு அட்டைக் கதவு, ஒன்றுக்குப் பல்செட் டப்பாவின் மூடி. முன்பக்கம் புல்லும் பாறையுமாக அத்தனை அழகு. பின்பக்கம் பார்த்தால் மளிகைக் கடையின் பின்வாசல் மாதிரி இருந்தது.

"இது எதுக்கு டீச்சரம்மா?"

"கை போறதுக்கு."

"எதுக்குக் கை போகணும்?"

"உள்ள என்னைக்காவது ஒண்ணு விழும் சார்."

தாண்டவமூர்த்தி சிரித்தார். நல்லா வாய்விட்டே சிரித்தார். "உங்க ரயில் விழும். நான் போட்ட பாதையில என் ரயில் விழாது."

ரெஜினா கையிலிருந்த அரத்தைத் துடைத்து வைத்தார்.

மூன்று மாதம் சீடர் தம் வீட்டில் வேலை பார்த்தார். சாப்பாட்டு மேஜைமேல் ஆறடிக்கு நாலடி பிளைவுட் ஏறியது. அவர் மனைவி மங்கையர்க்கரசி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஸ்டேஷன் வந்தது, பாலம் வந்தது, தேங்காய் நாரில் புளியமரம் வந்தது. கடைசியாக மலை.

அட்டைப் பட்டைகளைப் பின்னிக் கூடு கட்டியாகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்தாகிவிட்டது. குரு கொடுத்த பிளாஸ்டரைக் குண்டான் நிறையக் கலக்கினார். பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் அது. கலந்த பத்தாவது நிமிஷம் கல்லாகிவிடும். கலக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, குகைக்குள் வரப்போகும் தண்டவாளத்தை நகம் வைத்துப் பார்க்கவில்லை.

கூட்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, இழுத்தார்.

ஓரிடத்தில் தடுக்கியது.

அரத்தை எடுத்திருக்கலாம். எடுத்தால் குண்டான் பிளாஸ்டர் வீண். தாண்டவமூர்த்தி குண்டானைப் பார்த்தார், இணைப்பைப் பார்த்தார். இதே அளவு தடுக்கலுக்கு எத்தனை பேரைச் சஸ்பெண்ட் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார் என்று அவருக்கே தெரியும்.

"லேசுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேட்டித் துண்டுகளை முக்கி முக்கிப் போர்த்தினார். நான்கு பக்கமும் வழித்து மூடினார். கதவு வைக்கவில்லை. சாயங்காலம் தம்முடைய சின்ன நாலு சக்கர இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். குகைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது; ஆனால் ரயில் வெளியே வந்துவிட்டது. வந்துவிட்டதே, அது போதாதா என்று விட்டுவிட்டார்.

காலனிச் சங்கக் கூடத்தில் டிசம்பர் விடுமுறையில் கைவேலைக் கண்காட்சி. சனி, ஞாயிறு இரண்டு நாள். கூடை பின்னியவர்கள், கேக் செய்தவர்கள், தஞ்சாவூர் ஓவியம் ஒட்டியவர்கள் எல்லோரும் மேஜை போட்டிருந்தார்கள். ரயிலுக்குத்தான் கூட்டம். சீடரின் மேஜை என்பதால் குரு தம் இன்ஜினையே இரவல் கொடுத்திருந்தார். கறுப்பு இன்ஜின், ஆறு சக்கரம், இரண்டு பெட்டி. உள்ளே மோட்டாரிலிருந்து வயர் வரை ரெஜினா தாமே பிரித்துப் பூட்டியது.

பதினோரு சுற்று ஓடியது. பிள்ளைகள் "வேகமா, வேகமா" என்றார்கள். தாண்டவமூர்த்தி குமிழைத் திருகினார்.

பன்னிரண்டாவது சுற்றில் ரயில் குகைக்குள் போனது, வெளியே வரவில்லை.

எல்லோரும் குகையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாண்டவமூர்த்தி கரண்ட் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு எரிந்தது.

அவருடைய இடது உள்ளங்கை போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. யோசித்துச் செய்தாரா என்றால், இல்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

"என்ன சார், நின்னுபோச்சு?" கேட்டவர் தாளாளர் அமலதாஸ். பக்கத்துப் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துபவர்.

"இன்ஜின் கோளாறு சார்" என்றார் தாண்டவமூர்த்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. "இரவல் இன்ஜின். வீட்டுலயே பிரிச்சுப் பூட்டுனது, வேற எப்படி இருக்கும்? பாதை நான் போட்டது. அதுல ஒண்ணும் ஆகாது."

ஆறடி தள்ளி, டீ டம்ளருடன் ரெஜினா நின்றுகொண்டிருந்தார். டீயை ஒருமுறை உறிஞ்சினார். ஒன்றும் சொல்லவில்லை.

அமலதாஸ் குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளை சார். எங்க ஸ்கூல்ல பசங்களுக்குப் பெரிசா ஒண்ணு போட்டு, வாரம் ரெண்டு நாள் கத்துக்குடுக்கணும்னு ப்ளான். அந்தம்மாவைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். நீங்களே பண்ணிக் குடுங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கமிட்டியோட வர்றேன்."

அந்தப் பள்ளிக்கூட வேலைக்காக ரெஜினா ஒரு வருஷத்தில் மூன்று முறை மனுக் கொடுத்திருந்தார். அது தாண்டவமூர்த்திக்குத் தெரியும். மூன்றாவது மனுவை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

"பாக்கலாம் சார்" என்றார். கை இன்னும் விளக்கின்மேல்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் குகைக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். குடைக்கம்பியில் கொக்கி வளைத்துப் பார்த்தார். நூலில் காந்தம் கட்டி விட்டார். காந்தம் மலைக்குள் எதையோ பிடித்துக்கொண்டு நூல் மட்டும் திரும்பி வந்தது. கை மணிக்கட்டுக்கு மேல் நுழையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர் முழு ரயிலை மலைக்குள் மறைத்துவிட்டு எடுக்கவும் தெரியாமல் நின்றார்.

ராத்திரி இரண்டாவது தோசையை மங்கையர்க்கரசி தட்டில் போடாமல் கரண்டியிலேயே வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்ஜின் கெட்டுப்போச்சா?"

"ம்."

"ஆறு மாசமா அவ வீட்டுல கெடாம ஓடுச்சு. உங்க மலைக்குள்ள வந்துதான் கெட்டுச்சாக்கும்."

தாண்டவமூர்த்தி தட்டில் கை கழுவினார். படுத்தும் தூக்கம் வரவில்லை. உள்ளங்கையில் அந்தச் சின்ன விளக்கின் சூடு இருப்பதுபோலவே இருந்தது. வேலையில் அவர் கோபக்காரர், சிடுமூஞ்சி, வாய்க்கு வந்தபடி பேசுபவர். எல்லாம் உண்மை. ஆனால் சிவப்பு விளக்கை மறைத்தவர் இல்லை. இதற்கு முன் இல்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து ரெஜினா வீடு திரும்பியபோது சீடர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"வாங்க சார். நாளைக்கு மாதா கோயில்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளையோட தாத்தாவுக்குப் பல் முடிக்கணும். பேசிக்கிட்டே வேலை பாக்கறேன்."

பல்லை ராவும் சத்தம் கிர்ரென்று கேட்டது. தாண்டவமூர்த்தி உட்காரவில்லை. வழி நெடுக மன்னிப்பு என்ற சொல்லை நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்ததும் வேறு ஒன்று கேட்டார்.

"டீச்சரம்மா, மலை கட்டி முடிச்ச பெறகு கதவு வைக்க முடியுமா?"

"முடியுமே."

"மலை கெட்டுப்போகுமா?"

"கெடும்."

ரெஜினா எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து ஒரு ரம்பம் எடுத்து வந்தார். பிளாஸ்டர் அறுக்கிற ரம்பம், கத்தி அகலம்தான் இருக்கும். அவர் கையில் கொடுத்தார்.

சீடருக்கு மூச்சு வந்தது. "கூடம் பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க. வாட்ச்மேன் நம்ம ஆளு. இப்பவே போயி, பின்பக்கமா, சுவத்தை ஒட்டி அறுத்துட்டா..."

கிர்ரென்ற சத்தம் நின்றது.

"நேத்து நீங்க எந்தப் பக்கம் நின்னு பேசுனீங்க சார்?"

தாண்டவமூர்த்தி ரம்பத்தின் பற்களைத் தடவினார்.

"எந்தப் பக்கம் சார்?"

"முன்பக்கம்."

"அப்ப முன்பக்கமாவே அறுங்க."

மறுபடி கிர்ரென்று சத்தம் ஆரம்பித்தது. சீடர் ரம்பத்தைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காதுமடல் இரண்டும் கொதித்தன. ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படி நிற்கும்படி ஆகிவிட்டதே என்று ஒரு கணம் கோபம் வந்தது. தெரு முனை திரும்புவதற்குள் அந்தக் கோபமும் வெட்கமாகிவிட்டது.

நாலு மணிக்கு அமலதாஸ் கமிட்டியோடு வந்தார். நேற்று வந்த பிள்ளைகள் இன்றும் வந்திருந்தார்கள். மங்கையர்க்கரசி கேக் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். ரெஜினாவும் வந்து பின்னால் ஓரமாக நின்றார்.

"ரெடியா சார்?"

தாண்டவமூர்த்தி கரண்டைப் போட்டார். குமிழைத் திருகினார். விளக்குச் சிவப்பாக எரிந்தது. இந்தமுறை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாரும் இதைப் பாருங்க. இன்ஜின் கெட்டா இது எரியாது. சக்கரம் பாதையை விட்டு எறங்குனாத்தான் எரியும்." எச்சில் கூட்டி விழுங்கினார். "நேத்தும் எரிஞ்சுது. நான் கையால மூடிட்டேன்."

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் அமலதாஸ்.

"பொய் சொன்னேன் சார். இன்ஜின் நல்ல இன்ஜின். பாதைதான் சரியில்ல. அது சரியில்லன்னு தெரிஞ்சுதான் மலையை மூடினேன்."

ரம்பத்தை எடுத்தார். மூன்று மாதம் கட்டிய மலை. பச்சைத் தூள் தூவிய சரிவும், மங்கையர்க்கரசி பல்குச்சியில் நட்டுக் கொடுத்த வேலியும் முன்பக்கம்தான் இருந்தன. அதன் நடுவில் ரம்பத்தை வைத்து இழுத்தார். வெள்ளை வெள்ளையாகத் தூள் கொட்டியது. வேட்டித் துண்டு நாராகக் கிழிந்து வந்தது. கோடு கோணலாகப் போனது. யாரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று விழுந்தது.

உள்ளே கறுப்பு இன்ஜின் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றில் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் சிரித்துவிட்டான். அவனுடைய அம்மா அவன் தோளைத் தட்டினார்.

பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை எடுத்து, துடைத்து, முன்பக்கத்து நேர்ப்பாதையில் வைத்தார். விளக்கு பச்சையானது. இன்ஜின் நல்லபடியாக ஓடி ஸ்டேஷனில் வந்து நின்றது.

சீடர் மறுபடி ஓட்டைக்குள் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இழுத்தார்.

"தடுக்குதா சார்?" பின்னாலிருந்து ரெஜினாவின் குரல்.

"தடுக்குது."

அதற்குமேல் அவரால் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்க்க முடியவில்லை. கையை மலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

அமலதாஸ் இரண்டு முறை செருமினார். பிறகு நடந்துபோய் ரெஜினாவிடம் என்னவோ பேசினார். "திங்கக்கெழம முடியாது சார், கல்யாணப் பல்லு இருக்கு, செவ்வாய்க்கெழம வந்து எடத்தைப் பாக்கறேன்" என்று ரெஜினா சொல்வது கேட்டது. அதற்காவது சந்தோஷப்படலாம் என்று பார்த்தார் தாண்டவமூர்த்தி. இன்றைக்கு அதுவும் முழுசாக வரவில்லை.

ஆறு மணிக்குக் கூடம் காலியானது. மங்கையர்க்கரசி தரையில் சிந்திய பிளாஸ்டரைப் பெருக்கினார். வழியில் புருஷனுடைய சட்டையில் ஒட்டியிருந்த தூளையும் தட்டிவிட்டுப் போனார். ரெஜினா ஈர விரலால் ஓட்டையின் விளிம்பை வழித்து மழுங்க வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா."

"சொல்லுங்க சார்."

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா?"

"விரலிடுக்குல சிவப்பாத் தெரிஞ்சுது சார்."

சீடர் தம் இடது கையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உங்க ஒரு வருஷ ஆசை அது. அப்பவே எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஏன் வாயை மூடிக்கிட்டீங்க?"

ரெஜினா விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். கறுப்பு இன்ஜினை எடுத்து, பஞ்சில் சுற்றி, பல்செட் டப்பாவில் வைத்தார்.

"நான் எதை மூடினாலும் ஒரு கதவு விட்டுத்தான் சார் மூடுவேன்."